கிணற்றடியில் அருளப்பன் சொன்ன பொய்

அருளப்பன் சார் இறந்த செய்தி வந்தபோது, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தடியில் இரண்டு வெளிநாட்டுப் பயணிகளோடு நின்றிருந்தேன். எங்கள் டிரைவர் வந்து காதோரம் சொன்னார். அவர்களிடம் சொல்லாமல் சுற்றிக்காட்டி முடித்தேன். வந்தவர்களைப் பாதியில் விடுவது சாருக்குப் பிடிக்காது.

தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடி அறையில் எங்கள் பயணக் கம்பெனியைத் தொடங்கியவர் அவர், நான் கூட்டாளி. காரைக்காலில் வளர்ந்தவர், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. "கோபுரத்தைப் பார்த்துட்டு ரயிலேறிப் போறவங்க நம்ம ஊரைப் பார்க்கலைங்க. ஒரு வீட்டுல உட்கார்ந்து சாப்பிடணும். அந்த வீட்டுக்காரங்களும் இவங்களை நாலு கேள்வி கேக்கணும்" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் என் சொந்தக்காரர்களே மறுத்தார்கள். "மிலேச்சாளை ஆத்துக்குள்ள விடறதா? பெருமாளுக்கு அடுக்குமாடா?" என்றார் சித்தப்பா. சார் சிரித்தார். துறையூர்ப் பக்கம் போய், பெரியசாமி என்ற விவசாயியிடம் சம்மதம் வாங்கி வந்தார்.

எங்கள் முதல் விருந்தாளி ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள். பெரியசாமியின் மனைவி செல்லம்மாள் இலை போட்டுப் பரிமாறினார். சாப்பிட்டுக் கைகழுவக் கொல்லைக்குப் போன அந்த அம்மாள், கிணற்றைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். நல்ல உச்சி வெயில். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"கிணத்தடியில ஒரு பொண்ணு நனைஞ்சு நிக்குதாம்" என்றார் சார். எனக்கு வெறும் துவைகல்தான் தெரிந்தது.

செல்லம்மாள் கையிலிருந்த செம்பு விழுந்தது. "என்ன உடுத்தியிருக்கா? கேளுங்க."

சார் கேட்டுச் சொன்னார்: "பச்சைப் பாவாடை. ஒரு காதுல மட்டும் தோடு."

பெரியசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போன ஆடியில் அந்தக் கிணற்றில் விழுந்த மகளை அப்படித்தான் தூக்கினார்களாம். எங்களுக்கு அதுவரை தெரியாது.

"அழறாளா?" என்று கேட்டார் செல்லம்மாள்.

பிரெஞ்சுக்கார அம்மாள் நீளமாகப் பேசினார். சார் செல்லம்மாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இல்லம்மா. நல்லா இருக்கேன், நீங்க உள்ள போங்கன்னு சொல்லுதாம்."

கொள்ளிடம் பாலத்தில் வண்டி வரும்போதுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. "அந்தம்மா உண்மையில என்ன சார் சொன்னாங்க?"

ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "அழுதுக்கிட்டே அம்மாவைப் பார்த்துக் கைநீட்டிக் கூப்பிடுதாம். நீயும் வாம்மான்னு."

மறுநாளே தனியாகத் துறையூர் போனார். பெரியசாமியிடம் உண்மையைச் சொன்னார். மனைவி தினமும் அந்திசாயும் நேரத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து நிற்பதாக அவரும் ஒப்புக்கொண்டார். கிணற்றைத் தூர்த்தார்கள். அந்த வீட்டுக்கு எந்தப் பயணியையும் சார் மறுபடி அழைத்துப் போகவில்லை.

சாரின் அடக்கத்துக்குச் செல்லம்மாள் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"அன்னைக்கு அவரு சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும்ங்க. எம்பொண்ணு கூப்பிடறது எனக்கும்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சு. 'உள்ள போங்க'ன்னு அவரு சொன்னாரு பாருங்க, அதுக்கப்புறம் கேக்கலை."

நாங்கள் தொடங்கிய கம்பெனி இன்றும் நடக்கிறது. ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்லும் முன் கேட்பவர் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். அருளப்பன் சாரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.