முகூர்த்தம் இல்லாத மாதத்துக்கு ஒரு தொழில்

பணத்தை நான்கு இடத்தில் பிரித்துப் போட்டவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று நம்பியிருந்தேன். எங்கள் ஊர் கொட்டாரத்தில் எனக்குப் பந்தல் சாமான் வாடகைக் கடை. அது போதாதென்று கல்யாணச் சமையல் பாத்திரங்கள் வாங்கினேன். இலை வெட்ட வாழைத்தோட்டம் குத்தகைக்கு எடுத்தேன். மணமாலை கட்டும் பூக்கடை ஒன்றில் பாதிப் பங்கு போட்டேன். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் அல்லவா?

ஆடி பிறந்தது. கணவாய்க் காற்று தகரக் கூரையை உலுக்க, நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உத்தரம் வரை ஏறி நின்றன. அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. வெட்ட ஆளில்லாத இலைகளைக் காற்றே கிழித்தது. பூக்கடைப் பங்காளி ஃபோனை எடுக்கவில்லை. வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தேன். கல்லாவுக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

துபாயிலிருந்து லீவில் வந்த மனைவியின் தம்பி சிரித்தான்.

"அத்தான், நீங்க நாலு தொழிலா செய்யுதீங்க? கல்யாணம்னு ஒத்தத் தொழில். போர்டுதான் நாலு."

"பின்ன என்ன செய்யணும் மக்கா?"

"கல்யாணம் நின்னாலும் நிக்காதது ஒண்ணு உண்டும்லா? அதுல போடுங்க. ரிஸ்க்கப் பிரிக்கதுன்னா அதாக்கும்."

ஆடி பாதி தாண்டுவதற்குள், சவம் வைக்கும் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்.

"இத வச்சுக்கிட்டு நான் எப்பிடி ஒறங்குவேன்? எங்க அம்ம வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க," என்றாள் மனைவி.

"ஆவணி பொறக்கட்டும் ஏட்டி, வித்துருதேன்."

"ஆவணிக்குப் பொறவு பொரட்டாசி வராதா? மார்கழி வராதா?"

வருடம் முழுக்க அந்தப் பெட்டியோடுதான் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தெருவில் இருமுகிறவர்களிடம் நலம் விசாரிக்க நாக்கு கூசியது. ஃபோன் அடிக்காத பகல் ஒரு பயம். அடித்தால் அது வேறு பயம். நல்ல செய்தி எந்தப் பக்கமிருந்து வந்தால் நல்லது என்றே தெரியாமல் போயிற்று.

ஒரு காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். அந்தப் பக்கத்து அழுகை குளியலறைக் கதவு வரை கேட்டது. ஈரத்துண்டோடு ஓடி வந்தேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள். அப்படியே அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

தலைப்பை எடுத்தாள்.

"அழாதீங்க மக்கா. பெட்டி இப்ப வந்துரும். கரண்டு பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கு?"

குரலைத் தாழ்த்தி அவளே கேட்டாள்:

"நாற்காலி எத்தன வேணும்?"

எழுதிக்கொள்ளும்படி என்னிடம் கைகாட்டினாள்.