பாதியில் வைத்த பிளேன்டி

போன மாதம் பூண்டுலோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு கப் பிளேன்டியை, அதாவது பால் கலக்காத தேத்தண்ணீரை, பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அதற்குப் பிறகு பட்ட பாடு இருக்கிறதே… அப்பப்பா!

என் தொழில் மத்தியஸ்தம் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். சண்டை போட்ட இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, தீர்ப்புச் சொல்லாமல், அவர்களாகவே ஒரு முடிவுக்கு வரும்வரை கூட இருப்பது. கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. என் மாமியாருக்கோ இன்றுவரை விளங்கவில்லை. "வக்கீலும் இல்ல, போலீசும் இல்ல… அப்ப நீ என்ன, கல்யாண புரோக்கரா?" என்று போன வாரமும் கேட்டார்.

பல்கலைக்கழகம் முடித்த ஒரு தங்கை ஹட்டனிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார் – இந்தத் துறையில் முன்னேற என்ன வேண்டும்?

முதலில் நல்ல வயிறு வேண்டும் அம்மா!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு பிரச்சினைக்குப் போனால் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணீர் தருவார்கள். இரண்டையும் குடிக்க வேண்டும். ஒரே மாதிரிக் குடிக்க வேண்டும். ஒரு வீட்டில் சொட்டு மிஞ்சினாலும் நம் நடுநிலை போச்சு. கொழும்பில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் இதைச் சொல்லித் தரவேயில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செல்வமணியும் அவருடைய அண்ணன் சந்திரனும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீடு. அண்ணன் சமையலுக்குப் புதிதாகக் குசினி கட்டினார். அந்தக் குசினித் தண்ணீர் ஓடும் கான், தங்கச்சி வாசலுக்கு முன்னால் வந்து முடிந்தது. மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள். வாய்ச்சண்டை பொலிஸ்வரை போய், இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இதற்கிடையில் செல்வமணியின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த்தானே மணவறையில் உட்காரவைக்க வேண்டும்? "மாமா வரலன்னா நான் மணவறை ஏற மாட்டேன் மிஸ்" என்று அந்தப் பெண் என்னிடம் போனில் அழுதாள். அதற்காகத்தான் கினிகத்தேனையிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி, மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன்.

செல்வமணி வீட்டில் கப் காலி. அண்ணன் வீட்டுக்குப் போனபோது நெஞ்சு எரிய ஆரம்பித்துவிட்டது. கேஸ்டிரிக். பாதி குடித்தேன். முடியவில்லை. வைத்துவிட்டேன்.

பிறகு எல்லோரும் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலியாக இருந்தது. அண்ணன் ஒரு மூலை, தங்கச்சி ஒரு மூலை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் சந்திரன் முந்திக்கொண்டார்.

"மிஸ், ஒன்னு கேக்கவா? தங்கச்சி வீட்டுல முழுசா குடிச்சீங்க. எங்க வீட்டுல பாதிய வச்சிட்டு எந்திரிச்சீங்க. அப்ப நீங்க யாரு பக்கம்?"

"ஐயோ, அப்படியில்லைங்க, கேஸ்டிரிக்…"

"அந்த வீட்டுல வராத கேஸ்டிரிக்கு, எங்க வீட்டுல மட்டும் வந்துருச்சாக்கும்!" – இது அவருடைய மனைவி.

முடிந்தது கதை என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட இருந்தது. அவ்வளவு அலுப்பு.

அப்போதுதான் செல்வமணி எழுந்தார். அதுவரை அண்ணன் இருந்த பக்கமே திரும்பாதவர்.

"ஏன் மிஸ், எங்க அண்ணன் வீட்டுத் தேத்தண்ணியில என்ன கொறைய கண்டீங்க? எங்க அண்ணி மாதிரி இந்த லயத்துல யாரு பிளேன்டி ஊத்துவாங்க? நம்மள என்னன்னு நெனச்சிட்டாங்க அண்ணே இவங்க?"

நம்மள! அண்ணே!

சந்திரன் தங்கச்சி பக்கம் திரும்பி, "விடு புள்ள… வெளியாளுங்க அப்படித்தான் இருப்பாங்க" என்றார்.

எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, டாக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக் காட்டி நியாயம் பேச. பேசியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் கவிதாவின் மாமா கல்யாணத்துக்கு வராமலே போயிருப்பார். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க" என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்தார்கள். திட்டிய சூட்டோடு கானைப் பற்றியும் பேசினார்கள். அண்ணன் கானைப் பின்பக்கம் திருப்புவது, அது தங்கச்சியின் மரக்கறிப் பாத்தி ஓரமாகப் போக அவர் சம்மதிப்பது – இப்படி அவர்களே முடித்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது உடம்பில் தெம்பு ஒன்றுமில்லை. "அந்த மிஸ்ஸு ஒன்னும் செய்யல, நாங்களே பேசிக்கிட்டோம்" என்றுதான் தோட்டம் முழுக்கச் சொல்கிறார்களாம். இந்தத் தொழிலில் வேலை உருப்படியாக நடந்தால் நமக்குப் பெயர் கிடைக்காது. இதை வைத்து எப்படி அம்மா முன்னேறுவது?

முந்தாநாள் கவிதா பேசினாள். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். மாமாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாராம்.

"உங்களையும் கூப்புடணும்னு சொன்னேன் மிஸ்… அம்மாவும் மாமாவும் சேந்து வேணாம்னுட்டாங்க. கோவிச்சுக்காதீங்க."

வலித்தது. பொய் சொல்வானேன்? நன்றாகவே வலித்தது.

ஆனால், கவிதாவின் அம்மா தனியாக, மாமா தனியாக வந்து கல்யாணப் பத்திரிகை வைத்திருந்தால்தான் நான் தோற்றிருப்பேன்.