வெல்லத்துக்கு எதிர்த் தட்டில் என் தம்பி

பெரிய பேரன் கோவிந்தனுக்குத் தபால் ஆபீசில் வேலை உத்தரவு வந்துவிட்டது. பேத்தி மல்லிகா பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தாள். அடுத்தவன் சேலத்தில் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான். கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் தட்டு வாங்கி வந்து, இனி அதில்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடிக்கிறாள். இதையெல்லாம் வரிசையாக என் தம்பி மாதையனிடம் சொல்ல வேண்டும் என்று அன்று காலையில் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கையில் நெய்ச் சொம்பு இல்லை. நெய் இல்லாமல் நான் அவன் வீட்டுக்குப் போகப் பழகியது கடைசி சில மாதங்களில்தான். அப்போது வந்து நின்ற பஸ்ஸிலிருந்து, கடத்தூரில் அவன் வெல்ல மண்டியில் எடை போடும் முனுசாமி இறங்கினான். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "வாங்க ஆத்தா, சேந்தே போயிரலாம்" என்றான். சாவுச் சேதி கொண்டு வருகிறவன்தான் அப்படித் துண்டு கட்டுவான்.

மாதையனைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி மண்டிக்காரர்கள் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். உங்களில் பலர் அவனோடு ஒரே பந்தலில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள், ஒரே இலை வரிசையில் சாப்பிட்டவர்கள். அவன் நாணயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த மாதையனைத்தான் எழுத முடியும்.

எங்கள் அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி கை கால் இருக்கும். இது தேறாது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இவன் பிழைத்து ஆளானால் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தான். ஆளானான். ஆனால் வேண்டுதலை நான் உடனே தீர்க்கவில்லை. இத்தனை ஒல்லியாகத் தராசில் உட்கார வைத்தால் சாமிக்கு என்ன கிடைக்கும், நாலு பேர் பார்த்து என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். அவனுக்குக் கல்யாணமாகி, மண்டி வைத்து, வயிறு வைத்த பிறகும் எனக்குப் போதவில்லை. போகும்போதெல்லாம் நெய் கொண்டு போவேன். சோற்றில் குழி பறித்து ஊற்றுவேன்.

"ஏங்க்கா, கோயிலுக்கு நேந்து வுட்ட கெடா மாதிரி என்னைய வளக்கறயே, கடைசில வெட்டிர மாட்டியே?" என்பான். அவன் மனைவி சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் இன்னொரு கரண்டி ஊற்றுவேன்.

அவனிடம் பேசுவது தனி சுகம். என் பேரன் பேத்திகள் பெருமையை நான் எடுத்தால் மற்றவர்கள் மெதுவாக எழுந்து போய்விடுவார்கள். எனக்கே தெரியும். அவன் மட்டும் வெற்றிலையை மடித்தபடி, ஒவ்வொரு பிள்ளை முடிந்ததும் "அப்புறம்?" என்பான். போன முறை சொன்னதையே சொன்னாலும் "அப்புறம்?" என்பான்.

நோய் மூத்திரம் போவதில்தான் ஆரம்பித்தது. ஆம்பிளை, வெளியில் சொல்லவில்லை. இடுப்பு வலி வந்து நிமிர முடியாமல் போன பிறகே சேலம் பெரிய டாக்டரிடம் போனார்கள். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்குமாம். அதில் புற்று வந்து முதுகெலும்பு வரை போய்விட்டது. இத்தனை வருஷம் நான் போட்ட சதை இரண்டு அமாவாசைக்குள் கரைந்தது. வேண்டுதலைத் தள்ளிப் போட்டதால்தான் சாமி கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் மாதையன் ஊதினான். கன்னம் உப்பியது, வயிறு வந்தது, மார்பில்கூடச் சதை போட்டது. சட்டைப் பித்தான் போட வரவில்லை. அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்பத்தான்க்கா எனக்கு உஞ்சாடை வந்திருக்குது. பொடவை ஒண்ணுதான் பாக்கி" என்றான். நான் பூரித்துப் போனேன். சாமி கண் திறந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். இதற்கு மேல் தள்ளக் கூடாது என்று நானே நாள் குறித்தேன்.

அந்த நாளில் உங்களில் பாதிப் பேர் கோயிலில் இருந்தீர்கள். வெல்லச் சிப்பங்களை மூட்டை மூட்டையாக நீங்கள்தான் தராசில் ஏற்றினீர்கள். அவன் ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முள் நேராகவில்லை, இன்னும் ஒன்று ஏற்றுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சரோஜா என் முந்தானையைப் பிடித்து, "போதுங்க அண்ணி, எறக்கிரலாங்க" என்றாள். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று அவளை அதட்டினேன். போட்டோகிராபர் வந்து படம் எடுத்தார். படம் முடிந்த பிறகு இரண்டு பேர் தூக்கித்தான் அவனை இறக்க வேண்டியிருந்தது. கனத்த உடம்பு என்று சொல்லிச் சிரித்தோம்.

அவன் மறுபடி படுத்தபோது நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவ்வளவு உடம்பு தேறின பிறகு எப்படி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். அது தேறின உடம்பு இல்லை என்றார். ஆண்களுக்கு ஊறுகிற ஒன்று அந்தப் புற்றுக்குத் தீனியாம். அதை அடக்கத்தான் அந்த மாத்திரை, அப்படி அடக்கினால் சிலருக்குக் கொழுப்பு சேரும், அதை நோய் தேறுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார். அப்போதுதான் என் வாயில் அந்தக் கேள்வி வந்தது. முன்னே அவனுக்கு இருந்த சதையெல்லாம் நான் ஊட்டியது, அதுதான் இதைக் கொண்டு வந்ததா என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "கொழுப்பு சும்மா கெடக்கிற மூட்டை இல்லீங்கம்மா. அதுவும் உடம்புக்குள்ள வேலை செய்யுது. இந்த நோயோட அதுக்குத் தொடர்பு இருக்கான்னு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க ஊத்துன நெய்யாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது."

"அப்ப நெய்யால இல்லைன்னு சொல்லுங்க சாமி" என்றேன்.

"அதையும் என்னால அடிச்சுச் சொல்ல முடியலீங்களே" என்றார். நல்ல மனுஷன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தேன். மாத்திரையால் வந்த சதை என்று டாக்டர் ஆரம்பத்திலேயே அவனிடம் சொல்லியிருக்கிறார். சரோஜாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொன்னவன் அவன். முதுகெலும்பு அந்த நிலையில் இருக்க, அந்தத் தட்டில் ஏன் உட்கார்ந்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே இறக்கியிருப்பேனே என்று கேட்டேன்.

"சிப்பம் ஏற ஏற உம் மொகத்தப் பாத்தேன்க்கா. எறங்க மனசு வரல" என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளைங்க எப்படிப் படிக்குது? வரிசையாச் சொல்லு" என்றான். நான் சொன்னேன். அன்றைக்கும் நாலு பிள்ளைக்கும் "அப்புறம்?" கேட்டான்.

நெய்யால் வந்ததா இல்லையா என்பது எனக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை. தராசில் வைத்தது என் கை. அது தெரியும். சரோஜா என்னைக் குறை சொல்லவில்லை. காரியத்தன்று என் இலையில் அவளே நெய் ஊற்றினாள். நான் சாப்பிட்டு எழுந்தேன்.

என்னிடம் மிச்சமிருப்பது அந்த "அப்புறம்?" ஒன்றுதான். அதற்காகத்தான் அவன் படத்தின் முன்னால் உட்கார்ந்து, கோவிந்தனுக்கு வேலை வந்ததிலிருந்து சொல்ல ஆரம்பிக்கிறேன். ஆனால் வீட்டில் பெரிதாக்கி மாலை போட்டிருப்பது கோயிலில் எடுத்த படம். எவ்வளவு களையாக இருக்கிறார் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு முகம் தெரிவதில்லை. சங்கிலியைப் பிடித்திருக்கும் கையில் நரம்பு புடைத்திருப்பதுதான் தெரிகிறது. சொல்லிக்கொண்டு போனால் மல்லிகா வரைக்கும்கூட வர முடியவில்லை.

உங்களில் யாரிடமாவது, கல்யாணத்திலோ மண்டி பூஜையிலோ எடுத்த படத்தில் மாதையன் இருந்தால், ஒரு பிரதி போட்டு எனக்குத் தபாலில் அனுப்புங்கள். ஒல்லியாக இருந்தாலும் சரி, குண்டாக இருந்தாலும் சரி. ஓரத்தில் நின்றிருந்தாலும் போதும். அவன் கை சும்மா இருக்கிற படமாக அனுப்புங்கள். கடைக்குட்டியின் தட்டைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.