மாற்றிப் பிணைத்த இழைகள்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் நடந்தது. பக்கத்துத் தறி முனுசாமிக்கு நல்ல பெயர். எனக்குப் பொறுக்கவில்லை. தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. நெய்து முடிந்த பழைய பாவின் முனையோடு அவனுடைய புதுப் பாவைப் பிணைக்க உதவப் போனபோது, கரையில் சில இழைகளை வேண்டுமென்றே மாற்றிப் பிணைத்தேன். புடவை முழுக்கக் கோடு விழுந்தது. முதலாளி அவனைத் தறியைவிட்டே அனுப்பிவிட்டார்.

நூலகத்தில் ஞாயிறுதோறும் பௌத்தம் பற்றிப் பேசும் தபால்காரரிடம் கேட்டேன்: "தப்பு செஞ்சவனுக்கு மன்னிப்பு உண்டுங்களா?"

"பாதிக்கப்பட்டவன்கிட்டயே போய்க் கேளுன்னு யூதருங்க சொல்வாங்க. மனசு திருந்தினா கடவுள் மன்னிப்பாருன்னு கிறிஸ்தவங்க சொல்வாங்க. புத்தர் வழியில மன்னிக்க மேல யாரும் இல்ல. செஞ்சது பலன் கொடுக்கும்."

"ஆத்மாவே இல்லன்றீங்க. செத்தப்புறம் பலன் யாருக்குங்க?"

"பழைய பாவோட இழை புதுப் புடவையில வருதா?"

"வராதுங்க. ஆனா பழசுல இழை மாறியிருந்தா, அதோட பிணைக்கிற புதுசும் மாறித்தான் வரும்."



மறுநாள் என் தறியில் பாவு பிணைக்க முதலாளி ஆள் அனுப்பினார். வந்தவன் முனுசாமி. தறி போனபின் அதுதான் அவன் பிழைப்பு. நூல் வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொரு இழையாகப் பிணைத்தபடி, "அன்னைக்கு இழை எப்படி மாறுச்சுன்னு இன்னும் யோசிச்சுகினேதான் இருக்கேண்ணா" என்றான்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். நான் அவனுக்கு ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அவன் பிணைத்த அந்தப் பாவில் ஒரு கோடுகூட விழவில்லை. நான் செய்ததன் பலன் இன்னும் பாக்கி. அதுதான் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது.