எஞ்சின் லைட்டும் ஒரு பொதி கருவாடும்

ஒரு கிழமையாகக் காரில் எரிந்த எஞ்சின் லைட் சற்று முன்தான் அணைந்தது. உப்புக்குளத்து வீட்டு முற்றத்தில் ஆடிக்கொண்டிருக்கிறேன்!

சென்சர் பழுது, புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார் கராஜ்காரர். எங்களுக்கோ நாளைக்கே முருங்கன் போகவேண்டும். மச்சாள் றீற்றாவின் மகளுக்குக் கலியாணப் பேச்சு.

நானே காரில் பழுது காட்டும் ஸ்கானரைக் கொழுவி ஃபோனில் பார்த்தேன். எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்றது. அப்படியென்றால் எங்கேயோ காற்று உள்ளே புகுகிறது. எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்து தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் மச்சாள் ஊதுபத்தியோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கென்று பேசாலைக் கருவாட்டைப் போன கிழமையே டிக்கியில் ஏற்றி வைத்திருந்தார். அந்த மணத்தைப் போக்கத்தான் ஊதுபத்தி. போகிற போக்கில் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் கத்தினார்.

"எடியே, புகை வளைஞ்சு உள்ளுக்குப் போகுதடி!"

புகை போன இடத்தில் ஒரு ரப்பர் குழாய். அதில் எலி கடித்த ஓட்டை! கருவாட்டைத் தேடி வந்த எலி, டிக்கிக்குள் போக வழியில்லாமல் குழாயில் கோபத்தைத் தீர்த்திருக்கிறது.

பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றினேன். ஸ்கானராலேயே லைட்டை அணைத்தேன். திரும்ப எரியவேயில்லை!

"அப்ப கருவாட்டை இறக்குங்கோ மச்சாள்."

"விசரே உனக்கு? சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போறதே?"

ஆகவே நாளைக்குக் கருவாடு முன் சீட்டில், பெல்ட் போட்டபடி வருகிறது. எலியும் கூடவே வந்து இறங்கினால், மாப்பிள்ளை வீட்டில் அதை யார் என்று சொல்லி அறிமுகப்படுத்துவது? யோசனை சொல்லுங்கள்.