மூன்றடிக்கு அந்தப் பக்கம் ஒரு அடுப்படி

சர்வேயர் ஊருக்குள் நுழைந்தால், தெருநாய்கூட அவர் யார் வீட்டுப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் குரைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். கோர்ட்டில் தோற்றவர் வக்கீலைத் திட்டுவார். நிலத்தில் தோற்றவர் டேப் பிடித்தவனைத் திட்டுவார். ஜெயித்தவராவது சிரிப்பாரா என்றால், இன்னும் ஒரு அடி வந்திருக்க வேண்டுமே என்று முறைப்பார். கரண்டு ரீடிங் எடுக்கிறவர்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், சில்லறை இல்லாத கண்டக்டர்கள் என்று அளந்து கொடுத்துப் பேச்சு வாங்குகிற அத்தனை பேரும் எனக்கு ஒருவகையில் உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் விருதுநகர் பக்கம் அரசு நில அளவராக இருந்தேன். எத்தனையோ நிலத்தை அளந்தாலும் மனதில் உறுத்திக்கொண்டு நிற்பது ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அடுப்படிதான். பேச்சியம்மாள் என்ற பட்டாசுத் தொழிலாளிக்குத் தொகுப்பு வீடு கிடைத்திருந்தது. அடுப்படிச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு மேல் வந்த நேரத்தில், பக்கத்துப் பட்டாசு ஆலைக்காரர்கள், சுவர் தங்கள் நிலத்துக்குள் மூன்றடி வந்துவிட்டது என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். பேச்சியம்மாள் வேலை பார்த்ததும் அதே ஆலையில்தான். அந்த அம்மாள் திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். மனு பல மேஜைகளைத் தாண்டி என்னிடம் வந்தது. மழைக்கு முன்னால் மேலே கான்கிரீட் போட வேண்டும். சுவர் நிற்குமா, இடிபடுமா என்று நான் சொல்ல வேண்டும்.

மை டப்பா

அளப்பதற்கு முன்னால் நாலு பக்கத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காமல் அளந்தால் அந்த அளவு செல்லாது. பேச்சியம்மாளைத் தேடி ஆலை வாசலுக்கே போனேன். தீபாவளி சீசன். சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். எல்லோர் கையிலும் மணிக்கட்டுவரை வெள்ளி பூசினாற்போல் அலுமினியப் பவுடர். வரிசையின் கடைசியில் மெலிந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்து, "நாந்தேன் பேச்சியம்மா" என்றார்.

நான் நோட்டீஸை வண்டி சீட்டில் விரித்து, பழக்கதோஷத்தில் பையிலிருந்து மை டப்பாவைத் திறந்து நீட்டினேன். அந்த அம்மாள் மை டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாக வாசித்தார். நான் எழுதியிருந்த சர்வே நம்பரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததையும் காட்டினார். பிறகு சத்தம் உயராமல் சொன்னார்: "பத்தாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன் சார். பேனா இருந்தாக் குடுங்க."

கடப்பாரை

அளக்கப் போன நாளில் என்னோடு அளவுச் சங்கிலி பிடிக்கும் கந்தசாமி அண்ணன் வந்தார். மூலைக்கல் ஆலை வளாகத்தின் கடைசியில், சீமைக்கருவேல முள்ளுக்குள் இருக்க வேண்டும் என்று நிலத்தின் அளவுகளைக் குறித்த புலப்படம் சொன்னது. அந்தப் பக்கம் வேலி கிடையாது, முள்தான் வேலி. புதைந்த கல்லைத் தேட எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, கடப்பாரையால் குத்திப் பார்ப்பது. 'ணங்' என்று சத்தம் வந்தால் கல். அண்ணன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்தபடி ஆலைக்குள் நடந்தார். நான் சட்டைப் பையில் செல்போனும் காலில் ஆணி வைத்த செருப்புமாகப் பின்னால் போனேன்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். அவர் பின்னால் மேனேஜர். ஷெட்டுக்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பட்டாசு மருந்து புழங்கும் இடத்தில் இரும்பு உரசக் கூடாது என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட எனக்குக் கல்லைப் பற்றிய நினைப்பு மட்டும்தான் இருந்தது. கடப்பாரை, சங்கிலி, சுத்தியல், செல்போன், செருப்பு எல்லாவற்றையும் வாசலில் குவித்துவிட்டு, துணி டேப்பும் மூங்கில் குச்சியுமாக வெறுங்காலில் நின்றோம். மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சார், நீங்க கல்லைத் தேடி வந்தீகளா, எங்களை மேல அனுப்ப வந்தீகளா?"

சாப்பிடும் இடம்

தகராறு உள்ள நிலத்தில் இரு தரப்பிலும் கை நனைக்கக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பக்கம் மோர் குடித்துவிட்டு அளந்தால் அந்த மோர் எல்லையை நகர்த்திவிடும் என்று மறுபக்கம் நம்பும், அவ்வளவுதான். அதனால் வீட்டிலிருந்தே தூக்குவாளி கொண்டுபோவேன். அன்று சிக்கல் சாப்பாட்டில் இல்லை, நிழலில். சுற்றுவட்டாரத்தில் இருந்ததே இரண்டு நிழல்கள். ஒன்று ஆலையின் வேப்பமரம். இன்னொன்று பேச்சியம்மாள் வீட்டுச் சுவர்.

இரண்டும் வேண்டாம் என்று வண்டிப்பாதையின் நடுவில், கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன். கந்தசாமி அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னை முறைத்தபடியே சாப்பிட்டார். டிவிஎஸ் வண்டியில் வந்த ஒருவர் எங்களைச் சுற்றிப் போக வழியில்லாமல் காலை ஊன்றி நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது: "ஏங்க, இவுகளுக்குத் திங்கக்கூட அளந்துதேன் எடம் விட்டிருக்காக போல."

கிப்ட் பாக்ஸ்

மூங்கில் குச்சியால் குத்திப் பார்த்ததில் புதைந்த கல் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் புலப்படத்தில் சொன்ன திசையிலேயே, தலையில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் பளிச்சென்று நின்றது. அதையே மூலைக்கல்லாக வைத்து டேப்பை ஓட்டினோம். கோடு பேச்சியம்மாளின் அடுப்படிக்குள் மூன்றடி நுழைந்து வெளியே போனது. நான் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கந்தசாமி அண்ணன்தான், "சொவரு ஆலை நெலத்துக்குள்ளதேன் சார் இருக்கு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். பேச்சியம்மாள் சுவர் மேல் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து மடித்தார்.

வாசலுக்கு வந்தால் என் வண்டியின் பின் சீட்டில் பெரிய பட்டாசுப் பெட்டி ஒன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சீசனில் அந்தப் பக்கம் எந்த அரசாங்க வண்டி வந்தாலும் இப்படிக் கட்டிவிடுவார்கள். கேட்கவும் மாட்டார்கள், கேட்க விடவும் மாட்டார்கள். முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன். அதுவோ சரக்குக் கட்டுகிறவர்கள் போட்ட முடிச்சு, நகம்தான் பிய்ந்தது. நிமிர்ந்தபோது பேச்சியம்மாள் எதிரே நின்றார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நாங்க அடைச்ச பொட்டிதேன் சார் அது. சாமான் கொறையாது, எண்ணிப் பாக்க வேணாம்."

சுண்ணாம்பு

ஒரு கல்லிலிருந்து அளந்தால் அதை இன்னொரு கல்லிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது. மறுநாள் ஆமத்தூர் ரோட்டோரம், மூன்று ஊர் எல்லை சேரும் இடத்தில் நிற்கும் பெரிய கல்லிலிருந்து அளந்துகொண்டு வந்தோம். படத்தில் உள்ள தூரம் முடிந்த இடத்தில் அந்த வெள்ளைக் கல் இல்லை. மூன்றடி தள்ளி, பேச்சியம்மாள் வீட்டுப் பக்கமாக நின்றது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்தக் கல்லின் வரலாறு கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஷெட்டைச் சுற்றி இவ்வளவு தூரம் காலி இடம் இருக்க வேண்டும் என்று லைசென்ஸில் ஒரு கணக்கு உண்டாம். அளந்து பார்த்ததில் சொந்த நிலம் மூன்றடி பத்தவில்லை. அப்போது பக்கத்து நிலம் வெறும் பொட்டலாகக் கிடந்ததால், அதற்குள் தள்ளிக் கல்லை நட்டுவிட்டார்கள். நான் அந்தக் கல்லை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் அடுப்படியை இடிக்க இருந்தேன். வாட்ச்மேன் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "விடுங்க சார், சுண்ணாம்பு அடிச்சா எல்லாக் கல்லும் சர்க்கார் கல்லுதானே."

திருப்பிக் கொடுக்கப் போனது

கயிற்றை அறுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, பத்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்திருப்பதாக நினைத்து, "இன்னொன்னு எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?" என்றார். முந்தின நாள் அளவு தப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவில் வந்து தோண்டி உண்மையான கல்லை எடுக்கப் போகிறேன், சுவர் அனேகமாகப் பேச்சியம்மாள் நிலத்தில்தான் வரும் என்றேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். இடையில் முள்ளைத் தவிர ஒன்றும் இல்லாமல், இங்கே ஷெட், அங்கே அந்த அரைகுறைச் சுவர்.

மனுவில் எல்லையைத்தான் கேட்டிருக்கிறார்கள், எல்லையைத்தான் சொல்ல முடியும் என்றேன். எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாக்கியம், தடங்கலில்லாமல் வந்தது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்திருந்தது. "மூணடி மண்ணுக்கா சார் நான் மல்லுக்கட்டுறேன்? அந்தம்மா அங்கன அடுப்புப் பத்த வச்சா, இங்கன நாப்பது பொம்பளைக மருந்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு சார்."

பால் காய்ச்சிய நாள்

ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். கருவேல வேருக்கு அடியில் பழைய கல் கிடைத்தது. சுவர் முழுக்கப் பேச்சியம்மாள் நிலத்தில்தான் இருந்தது. சான்றில் அதை எழுதிக் கொடுத்தேன். ஷெட்டுக்கும் அடுப்புக்கும் உள்ள தூரத்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒன்று அடுப்படி போயிருக்கும், இல்லையென்றால் ஷெட்டை மூடியிருப்பார்கள், பேச்சியம்மாளோடு சேர்த்து நாற்பது பேருக்கு வேலை போயிருக்கும். யோசித்துத்தான் எழுதாமல் விட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை, நானும் இடம் தேடவில்லை.

கார்த்திகையில் பால் காய்ச்சுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கந்தசாமி அண்ணனும் போனோம். காலை பத்து மணிக்குள் நல்ல நேரம். புது அடுப்பில் கோலம், பொட்டு வைத்த பால் பாத்திரம், அடுக்கிய விறகு. பேச்சியம்மாள் தீப்பெட்டியைக் கையில் எடுத்த நேரம் வாட்ச்மேன் மூச்சு வாங்க வந்து நின்றார். ஷெட்டில் ஆள் இருக்கிறார்கள், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பற்ற வைக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். "பக்கத்து வீட்டுல காய்ச்சி எடுத்தாந்து வச்சிருவமே" என்றார் ஒரு சொந்தக்காரப் பெண். "அடுத்தவ அடுப்புல காய்ச்சவா நான் சூலக்கரைக்கு நடையா நடந்தேன்? சும்மா இரு மதினி" என்று பேச்சியம்மாள் ஒரே அதட்டில் அடக்கிவிட்டார். நல்ல நேரம் எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் கடந்து போனது. என் பக்கம் யாரும் பார்க்கவில்லை, நானே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. ஷெட்டிலிருந்து பெண்கள் வெளியே வந்து வண்டிப்பாதையில் நின்று, அடுப்படி ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார்கள். பேச்சியம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தார். பால் பொங்கியது, குலவை போட்டார்கள். முதல் டம்ளரை எனக்குத்தான் கொண்டுவந்தார். இனி தினமும் எப்படிம்மா சமைப்பீர்கள் என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். அவர் டம்ளரை என் கையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எடம் என்னதுன்னு அளந்து குடுத்துட்டீக சார். எப்பப் பத்த வைக்கலாம்னுதேன் ஷெட்டுப் பக்கம் பாத்துப் பாத்துக் கேட்டுக்கிடணும்."

ரிட்டயர் ஆகும்வரை என் அளவில் ஓரடி தப்பு என்று ஒருவரும் நிரூபித்ததில்லை, ஆனால் அந்தப் பாலை நான் நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கவில்லை.