காலில் ஊற்றிய தண்ணீர்

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை காலை ஏழரை மணி. ஹவுராவில் முந்தின இரவு ஏறிய பாசஞ்சர் ரயில் எங்களைப் பராபூம் நிலையத்தில் இறக்கிவிட்டது. நானும் ஹரிபதோவும். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் நான் குமாஸ்தா, அவர் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். "எங்க ஊர் மலைக்கு வெளியாள் யாரும் வந்ததில்ல, மணிதா. நீங்களாவது வாங்க" என்று, என் பெயர் மணியோடு 'தா' என்ற அண்ணனையும் சேர்த்து, மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அயோத்தியா மலைத்தொடரின் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் அந்த மலைக்குத் தனியாகப் பெயர்கூடக் கிடையாது. ஊரார் வெறுமனே 'மலை' என்கிறார்கள்.

எட்டேகாலுக்குப் பேருந்து. டிக்கெட் பதினோரு ரூபாய். இறங்கி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதையில் நடந்தோம். அடிவாரத்தில் அவருடைய மண் வீட்டை அடையும்போது மணி பத்து.

பதினெட்டு வருடமாக வங்காளத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக மனைவியிடம் பீற்றிக்கொள்பவன் நான். ஹரிபதோ மூட்டைகளோடு கொல்லைப்பக்கம் போனார். வாசலில், தரையில், பளபளவென்று ஒரு வெண்கலச் சொம்பில் தண்ணீர் இருந்தது. எங்கள் தமிழ் வீடுகளில் வாசலில் சொம்பு இருந்தால் அது காலுக்குத்தான். செருப்பைக் கழற்றி இரண்டு காலிலும் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். சுகமாக இருந்தது.

உள்ளேயிருந்து ஹரிபதோவின் மனைவி ஒரு சால் மர இலையில் வெல்லக்கட்டியுடன் வந்தார். காலிச் சொம்பைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சிரித்த முகத்துடனே வெல்லத்தை நீட்டினார். நான் அதையும் வாயில் போட்டுக்கொண்டு, "குடிக்கத் தண்ணி கெடைக்குமா, பௌதி?" என்று அண்ணி முறை சொல்லிக் கேட்டேன்.

"இதோ கொண்டுவர்றேன், தாதா." என்னை அண்ணனாக்கிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அரைமணி நேரமாகியும் அவர் வரவில்லை. எனக்கு எரிச்சல்கூட வந்தது. "வெயில் ஏறிடும், கெளம்பலாம். வழியில ஊத்து இருக்கு" என்றார் ஹரிபதோ.

பதினொரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். சால் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. தரையெல்லாம் இலுப்பைப் பூ உதிர்ந்து இனிப்பாக மணத்தது. பாறைகள் செங்குத்தாக எழுந்த இடத்தில் கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஏறியதும் மூச்சு வாங்கியது, நாக்கு வறண்டது. அங்கேதான் ஊற்று. பாறை இடுக்கில் ஒரு உள்ளங்கைக் குழி அளவு தண்ணீர். அதன் பக்கத்தில் குந்தி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தார் பௌதி.

"கெணறு போன மாசமே வத்திடுச்சு" என்றார் ஹரிபதோ என்னிடம். பிறகு மனைவியிடம், "காலையிலதானே கொண்டுபோன?"

"கை தவறிக் கொட்டிடுச்சு."

"பாத்து வைக்கக் கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் முறைக்கு மூன்று சிரட்டை குடித்துவிட்டு நடந்தேன்.

ஒன்றரை மணிக்கு உச்சி. சுற்றிலும் காடு அலையலையாகப் போனது. ஹரிபதோ ஒவ்வொரு குன்றாகக் கைகாட்டிச் சொன்னார். எதுவும் மனதில் ஏறவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும், அதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

நான்கரைக்கு இறங்கி வந்தோம். வாசலில் இரண்டு சொம்புகள் இருந்தன. ஒன்று தரையில். இன்னொன்று முக்காலியில், பக்கத்தில் வெல்லம்.

ஹரிபதோ என்னைப் பார்த்தார். இனியும் மறைக்க முடியவில்லை.

"காலையில கொட்டினது பௌதி இல்ல, நான்தான். காலக் கழுவிட்டேன்."

"தெரியும், மணிதா. வாசல்ல ஈரக் கால் தடம் இருந்துச்சே, எங்க வீட்ல அவ்வளவு பெரிய பாதம் யாருக்கு?" என்று சிரித்தார். "அவ சொல்ல வேணாம்னு நெனச்சா. நானும் விட்டுட்டேன்."

தெரிந்துதான் என் எதிரில் மனைவியைக் கடிந்துகொண்டிருக்கிறார். குடிக்கும் சொம்பை எடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்தேன். தரையிலிருந்ததைத் தொடவே கை வரவில்லை. பௌதி அதைக் கவனித்து, "உங்களுக்காகத்தான் கொண்டுவந்தேன், கழுவிக்கோங்க தாதா" என்றார், நிஜமான அக்கறையுடன்.

கழுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் என் மனைவி வழக்கம்போல, "கால கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள். குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது, எவரும் சுமந்து வராத தண்ணீர். ஹரிபதோ இன்றும் யார்டில் என்னைப் பார்த்தால், "மறுபடி எப்ப வர்றீங்க, மணிதா?" என்கிறார். ஒரு தடவையாவது அவர் என்மேல் கோபித்துக்கொண்டிருந்தால் நான் போயிருப்பேன்.